ஒளியிழைக் கண்ணாடிக்குள் நானோத் துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலிக்கா ஒளியிழையின் உள்ளகத்தில், அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதியில், நானோத் துகள்களைச் சேர்த்து அதன் குணத்தை மாற்றும் வேலை பற்றிய பக்கம் இது. ப்ரீஃபார்ம் (இழையாக இழுப்பதற்கான கண்ணாடித் தண்டு) செய்பவர்கள், பெருக்கி இழையும் உணரி இழையும் பயன்படுத்துபவர்கள், இத்துறைக்குப் புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம்.

சிலிக்காவே நல்ல கண்ணாடிதானே, அதில் ஏன் துகளைப் போட வேண்டும்?

ஒளியைத் தொலைதூரம் கொண்டுபோவதற்குச் சிலிக்காவுக்கு நிகர் இல்லை. 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான் இழப்பு. ஆனால் எர்பியம், இட்டர்பியம், தூலியம், ஹோல்மியம் போன்ற அருமண் அயனிகளுக்கு அது வசதியான வீடு அல்ல. இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, இடம் இல்லை. சிலிக்காவின் வலைப்பின்னல் இறுக்கமானது. அருமண் அயனி தன்னைச் சுற்றி ஆறு முதல் எட்டு ஆக்சிஜன் அணுக்களை எதிர்பார்க்கும். அவை கிடைக்காதபோது அயனிகள் ஒன்றையொன்று தேடிப்போய், இருக்கும் ஆக்சிஜனைப் பங்கிட்டுக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்துவிடுகின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எர்பியம் அயனிகளும் கிளர்வுற்ற நிலையில் இருந்தால், ஒன்று தன் ஆற்றலை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கும். வாங்கிய அயனி மேல்நிலைக்குப் போய், அந்தக் கூடுதல் ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடும். அயனிகளைக் கிளர்வூட்ட விடும் பம்ப் ஒளியில் இரண்டு ஃபோட்டான்கள் செலவு, மிச்சம் ஒரே ஒரு கிளர்வுற்ற அயனி.

இரண்டாவது, சிலிக்காவின் அதிர்வு. அதன் ஃபோனான் (அதிர்வின் துணுக்கு) ஆற்றல் சென்டிமீட்டருக்கு 1,100 அலை என்ற அளவில் இருக்கிறது. இவ்வளவு வலுவாக அதிரும் கண்ணாடியில் சில ஆற்றல் நிலைகள் ஒளிர்வதற்கு முன்பே வெப்பமாகி மடிந்துவிடும். தூலியத்தின் 800 நானோமீட்டர் நிலைக்குச் சுத்தமான சிலிக்காவில் ஆயுள் சுமார் 14 மைக்ரோவிநாடிதான்.

உடம்பு சிலிக்காவாகவே இருக்கட்டும், அயனி குடியிருக்கும் அறையை மட்டும் மாற்றுவோம் என்பதுதான் நானோத் துகள் மாசூட்டலின் (கண்ணாடியில் வேறு பொருளைச் சிறிதளவு சேர்ப்பதுதான் மாசூட்டல்) யோசனை. அறை அலுமினாவாக (அலுமினியம் ஆக்சைடு) இருக்கலாம், இட்ரியாவாகவோ (இட்ரியம் ஆக்சைடு) லாந்தனம் ஃப்ளோரைடாகவோ கூட இருக்கலாம். இழையின் வலிமை, உருக்கி ஒட்டும் வசதி, மற்ற இழைகளோடு பொருந்துவது எல்லாம் சிலிக்காவின் குணமாகவே நிற்கும்.

வழக்கமான கரைசல் மாசூட்டலில் அலுமினியத்தையும் சேர்த்துக்கொண்டால் போதாதா?

பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 1987இல் வெளிவந்த கரைசல் முறை இன்றும் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. எர்பியம் குளோரைடையும் அலுமினியம் குளோரைடையும் ஒரே கரைசலில் கரைத்து, சிலிக்காக் குழாயின் உட்சுவரில் படிந்த நுண்துளைப் படலத்தில் ஊறவைப்பார்கள். ஆனால் எந்த எர்பியத்துக்குப் பக்கத்தில் எத்தனை அலுமினியம் உட்காரும் என்பது அங்கே தற்செயலின் கையில் இருக்கிறது. அதனால் தேவைக்கு மேல் அலுமினியத்தைக் கொட்ட வேண்டிவரும். ஒளிவிலகல் எண் ஏறும், கதிர்வீச்சைத் தாங்கும் தன்மை குறையும். எர்பியத்தையும் அலுமினியத்தையும் ஒரே துகளுக்குள் முன்கூட்டியே கட்டிவிட்டால் குறைந்த அலுமினியத்திலேயே அதே பாதுகாப்பு கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. துகளுக்குள் கட்டினாலே அயனிகள் விலகி இருக்கும் என்று நினைப்பது தவறு. கன மீட்டருக்கு ஒன்றுக்குப் பின் 25 சுழிகள் என்ற எண்ணிக்கையில் எர்பியம் சீராகப் பரவியிருந்தால் அயனிகளின் சராசரி இடைவெளி 4.6 நானோமீட்டர். இருபது அலுமினியத்துக்கு ஒரு எர்பியம் என்ற விகிதத்தில் அலுமினாத் துகளுக்குள் அடைத்தால் அந்த இடைவெளி 0.75 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். நூறுக்கு ஒன்று வைத்தால் 1.3 நானோமீட்டர். 10 நானோமீட்டர் விட்டமுள்ள அலுமினாத் துகளில் ஏறத்தாழ 24,000 அலுமினியம் அணுக்கள் இருக்கும் என்பதால், நூறுக்கு ஒன்று என்பது துகளுக்கு 240 எர்பியம் அயனிகள். விகிதத்தைக் கஞ்சத்தனமாக வைத்தால், எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அதே நோயைத் துகளுக்குள் வளர்த்ததாகிவிடும்.

நாம் போடும் துகள் இழையிலும் அப்படியே இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

படலத்தை உருக்கி இறுக்கும்போது 1,500 முதல் 1,900 டிகிரி செல்சியஸ், குழாயைத் திடத் தண்டாக மூடும்போது 2,000 முதல் 2,200 டிகிரி, இழையாக இழுக்கும்போது மறுபடி 2,000 டிகிரிக்கு அருகில் என்று மூன்று தீக்குளிப்புகளைத் துகள் தாண்ட வேண்டும். அலுமினாவின் உருகுநிலை 2,072 டிகிரி, லாந்தனம் ஃப்ளோரைடுடையது 1,493 டிகிரி, சிர்கோனியாவுடையது 2,700 டிகிரிக்கும் மேல். ஆனால் உருகுநிலையை மட்டும் பார்த்துத் துகள் பிழைக்குமா என்று முடிவு செய்யக் கூடாது. உருகாத பொருளும் சூடான சிலிக்காவில் கரையும், உப்பு தன் உருகுநிலைக்கு வெகு கீழேயே தண்ணீரில் கரைவதைப் போல. 10 நானோமீட்டர் துகளுக்கு மேற்பரப்பு அதிகம், கரைய வேண்டிய தூரமோ மிகக் குறைவு.

ஆகவே அலுமினாத் துகள் போட்ட பல இழைகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளாக எதுவும் தெரியாது. எர்பியத்தைச் சுற்றி அலுமினியம் செறிந்த ஒரு மங்கலான வட்டாரம்தான் மிஞ்சும். பெருக்கிக்கு அதுவே போதுமானது, இன்னும் சொன்னால் அதுதான் நல்லது, ஏனென்றால் சிதறல் குறைகிறது. லாந்தனம் ஃப்ளோரைடில் ஃப்ளோரின் சிலிக்காவோடு வினைபுரிந்து சிலிக்கன் டெட்ராஃப்ளோரைடு வாயுவாக வெளியேறும். மிஞ்சுவது பெரும்பாலும் லாந்தனமும் சிலிக்காவும் கலந்த ஆக்சைடுதான். குப்பியில் ஃப்ளோரைடு இருந்தது என்பதற்காக இழையிலும் ஃப்ளோரைடு இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

துகள் இருந்தால் ஒளி சிதறுமே, எவ்வளவு இழப்பு வரும்?

கணக்குப் போட்டுவிட்டுத்தான் உலையைப் பற்றவைக்க வேண்டும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளின் ராலே சிதறல், விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும், அலைநீளத்தின் நான்காம் அடுக்கில் இறங்கும். துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு சிறியதாக இருந்தால், அந்த வேறுபாட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.45, துகளுடையது அலுமினாவைப் போல 1.75. உள்ளகத்தின் கனஅளவில் 0.1% துகள்கள். ஒளி முழுவதும் உள்ளகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அலைநீளம் 1,550 நானோமீட்டர். துகளின் விட்டம் 10 நானோமீட்டர் என்றால் இழப்பு மீட்டருக்குச் சுமார் 0.023 டெசிபெல் வரும். கனஅளவு மாறாமல் துகள் மட்டும் பெருத்தால் இழப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும்: 50 நானோமீட்டரில் 2.8 டெசிபெல், 100 நானோமீட்டரில் 22 டெசிபெல்லுக்கும் மேல். எல்லாம் ஒரே ஒரு மீட்டருக்கு.

பெருக்கியில் 10 மீட்டர் எர்பியம் இழை போடுகிறீர்கள் என்றால் 10 நானோமீட்டர் துகளோடு மொத்தம் 0.23 டெசிபெல் போகும். அதைத் தாங்கலாம். 50 நானோமீட்டர் துகளோடு 28 டெசிபெல் போகும். அந்த இழை பெருக்கிக்கு உதவாது.

ஒளிவிலகல் எண் வேறுபாட்டை 0.30இலிருந்து 0.05ஆகக் குறைத்தால் அதே அளவுத் துகளின் இழப்பு ஏறத்தாழ 33 மடங்கு குறையும். சிலிக்கா செறிந்த துகளைச் சிலர் விரும்புவதற்குக் காரணம் இதுதான். ஆனால் அளவைக் குறைப்பதற்கு ஈடான வழி வேறில்லை. முதலில் எத்தனை டெசிபெல் தாங்கும் என்று எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, துகள் எத்தனை நானோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். பொடியை அதற்குப் பிறகு தேடலாம்.

துகளைக் கண்ணாடிக்குள் கொண்டுபோக என்னென்ன வழிகள் உண்டு?

நான்கு வழிகள் நன்றாகப் பழகியவை. தயாரித்த துகளைக் கூழ்மக் கரைசலாக்கி எம்சிவிடி (வாயுக்களிலிருந்து குழாயின் உட்சுவரில் கண்ணாடியைப் படிய வைக்கும் முறை) குழாயில் ஊறவைப்பது ஒன்று. பிரான்ஸில் டிராக்கா நிறுவனம் எர்பியம் இழைக்காக இந்த வழியில் வேலை செய்து 2009 முதல் முடிவுகளை வெளியிட்டது. செக் அறிவியல் அகாதமியின் ஒளியணுவியல் நிறுவனமும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் அலுமினா, லாந்தனம் ஃப்ளோரைடு, லுட்டீசியம் ஆக்சைடு போன்றவற்றில் இதே வழியில் உழைத்திருக்கின்றன. இரண்டாவது, துகளைத் தயாரிக்காமல் கண்ணாடியே அதைப் பிறப்பிக்கும்படி செய்வது. நீஸ் பல்கலைக்கழகக் குழு மெக்னீசியத்தை வைத்து இதில் வெகுதூரம் போயிருக்கிறது. மூன்றாவது, சுடருக்குள் சிலிக்கன் ஆவியையும் அருமண் உப்பின் நுண்துளிகளையும் ஒன்றாக அனுப்பி, பிறக்கும் துகளை நேரடியாகப் படிய வைப்பது. பின்லாந்தின் லீக்கி நிறுவனத்தின் முறை இது. இதில் துகள்கள் முழுவதும் உருகி ஒரே கண்ணாடியாகிவிடும். முறையின் பெயரில் நானோ இருந்தாலும் இழையில் துகள் இருக்காது. நான்காவது, ப்ரீஃபார்மையோ இழையையோ பிறகு சூடாக்கி ஆறவைத்துத் துகளை வளர்ப்பது. கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் இட்ரியா அலுமினா சிலிக்காவில் இட்டர்பியத்தை வைத்து இந்த வழியில் இழைகள் செய்திருக்கிறது.

கூழ்மக் கரைசல் ஊறல் முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், உள்விட்டம் 19 மில்லிமீட்டர் போன்ற செயற்கைச் சிலிக்காக் குழாயைக் கழுவி, லேத்தில் பூட்டி, ஆக்சிஜன் ஹைட்ரஜன் சுடரால் உட்சுவரை மெருகேற்றுங்கள். ஃப்ளோரின் வாயுச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு விட்டு உட்சுவரை லேசாக அரித்தால் அழுக்கும் நுண்குமிழிக்கான விதையும் போகும். தேவையான உறைப் படலங்களை (உள்ளகத்தைச் சூழும் அடுக்கு) முழுதாக உருக்கிப் படிய விடுங்கள்.

அடுத்தது சூட் படலம். உருகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான நுண்துளைச் சிலிக்காப் படிவைத்தான் சூட் என்கிறோம். பர்னரின் வெப்பத்தை 1,200 முதல் 1,500 டிகிரிக்குள் பிடிக்க வேண்டும். மொத்த வேலையிலும் கைப்பழக்கம் அதிகம் தேவைப்படும் இடம் இது. வெப்பம் குறைந்தால் படலம் சுவரில் பிடிக்காமல் கரைசல் பட்டவுடன் பொக்கெனப் பெயரும். கூடினால் துளைகள் மூடிக்கொண்டு கரைசல் மேற்பரப்போடு நின்றுவிடும். கரைசலோ வாயு விகிதமோ மாறாமல், வெப்பம் 30 டிகிரி நகர்ந்ததால் மட்டுமே உள்ளகத்தின் அலுமினிய அளவு மாறிப்போகலாம். பைரோமீட்டரின் (தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி) அளவீட்டை ஒவ்வொரு பாஸுக்கும், அதாவது பர்னர் குழாய் நெடுக நகரும் ஒவ்வொரு முறைக்கும், பதிவு செய்துவையுங்கள்.

குழாயை லேத்திலிருந்து கழற்றி நிமிர்த்தி நிறுத்தி, கரைசலைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் துளைக்குள் காற்று சிறைப்படும். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதைத் துகளின் அளவு சொல்லும். எத்தனாலில் 10 நானோமீட்டர் துகள் ஒரு மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பரவும், 100 நானோமீட்டர் துகள் 0.17 மில்லிமீட்டர்தான் நகரும். கரைந்த அயனியானால் அதே நேரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் போய்விடும். சில நூறு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வழக்கம். வழியில் துகள் சுவரில் ஒட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு செல்லாது.

வடிப்பதையும் மெதுவாகவே செய்யுங்கள். உலரும்போது துளைக்குள் உள்ள திரவத்தின் பரப்பு இழுவிசைதான் படலத்தைப் பிளக்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், எத்தனாலுடையது 22. எத்தனாலை விரும்புவதற்குக் காரணம் இதுதான். பிறகு குழாயைப் படுக்க வைத்துச் சுழற்றியபடியே நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துங்கள். சுழற்றாமல் விட்டால் துகள் கீழ்ப்பக்கம் திரண்டு, உள்ளகம் ஒருபக்கமாகச் சரியும்.

லேத்தில் மறுபடி பூட்டி, 800 முதல் 1,000 டிகிரியில் ஆக்சிஜனோடு குளோரின் விட்டு ஈரத்தை விரட்டுங்கள். ஈரம் மிஞ்சினால் 1,383 நானோமீட்டரில் ஹைட்ராக்சில் உறிஞ்சல் உயரும். குளோரின் இருபக்கமும் வெட்டும் கத்தி. நேரத்தையும் வெப்பத்தையும் கூட்டினால் அலுமினியத்தைக் குளோரைடாக்கி ஆவியாக வெளியேற்றிவிடும். ஊறவைத்த அளவுக்கும் ப்ரீஃபார்மில் கிடைத்த அளவுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் முதலில் இந்தப் படியைச் சந்தேகப்படுங்கள்.

அதன்பின் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றிப் படலத்தை இறுக்கி, ஐந்தாறு பாஸ்களில் குழாயை மூடுங்கள். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ப்ரீஃபார்மை 125 மைக்ரோமீட்டர் இழையாக இழுத்தால் நீளம் 6,400 மடங்காகும், அதாவது ஒரு சென்டிமீட்டர் தண்டிலிருந்து 64 மீட்டர் இழை வரும்.

கடையில் விற்கும் அலுமினா நானோப்பொடியைக் கலக்கி ஊற்றினால் ஆகாதா?

ஆகாது. “50 நானோமீட்டருக்குக் கீழ்” என்று லேபிளில் இருப்பது ஒற்றைத் துகளின் அளவு. உலர்ந்த பொடியில் அவை ஒன்றோடொன்று ஒட்டி நூற்றுக்கணக்கான நானோமீட்டர் கட்டிகளாகத்தான் இருக்கும். அல்ட்ராசோனிக் கலக்கி தளர்வான கட்டிகளை உடைக்கும், உயர்வெப்பத்தில் ஒட்டிப்போனவற்றை உடைக்காது. ஈரநிலையிலேயே தயாரித்து, உலரவிடாமல் கரைப்பானுக்கு மாற்றிய துகளே நல்லது.

கரைசலை ஒளிச்சிதறல் கருவியில் வைத்து அளவு பாருங்கள். பலர் எண்ணிக்கைவழிப் பரவலைப் பார்த்து 12 நானோமீட்டர் என்று மகிழ்ந்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது ஒளிச்செறிவுவழிப் பரவலை, அதாவது எந்த அளவுத் துகள் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்பதை. சிறிய துகள்களுக்கு அது விட்டத்தின் ஆறாம் அடுக்கில் எடை போடுகிறது, இழையில் வரப்போகும் இழப்பும் அதே ஆறாம் அடுக்கில்தான் எடை போடுகிறது. அந்த வரைபடத்தில் 200 நானோமீட்டரில் ஒரு மேடு தெரிந்தால், எண்ணிக்கையில் அது லட்சத்தில் ஒன்றாக இருந்தாலும் இழப்பைத் தீர்மானிக்கப் போவது அதுதான். 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, மறுபடி அளந்து, அன்றே பயன்படுத்துங்கள்.

துகள்கள் திரளாமல் இருக்க ஜீட்டா மின்னழுத்தம் (கரைசலில் துகளின் மேற்பரப்பை ஒட்டிய மின்னழுத்தம்) கூட்டலிலோ கழித்தலிலோ 30 மில்லிவோல்ட்டைத் தாண்ட வேண்டும். அலுமினாவின் மின்னூட்டம் சுழியாவது பிஹெச் 8 முதல் 9க்குள். ஆகவே பிஹெச் 4, 5 பக்கம் அது நன்றாகப் பிரிந்து நிற்கும். ஆனால் அதே பிஹெச்சில் சிலிக்கா எதிர்மின் கொண்டது, அலுமினா நேர்மின் கொண்டது. சூட் படலத்தின் வாயிலிலேயே துகள் ஒட்டிக்கொண்டு பின்னால் வருவதற்கு வழியை அடைத்துவிடும். ப்ரீஃபார்மில் மையத்தை ஒட்டிய பகுதி மட்டும் அலுமினியம் மிகுந்து, வெளிவட்டம் வெறுமையாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். செறிவைக் குறைத்து, ஊறல் நேரத்தைக் கூட்டி, படலத்தைச் சற்று அதிகத் துளையுடையதாக்கிப் பாருங்கள்.

மெக்னீசியம் முறையில் துகள் தானாகவே பிறக்கிறது என்கிறார்களே, எப்படி?

மெக்னீசியா, கால்சியா, ஸ்ட்ரான்சியா (மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள்) மூன்றும் உருகிய சிலிக்காவோடு எல்லா விகிதத்திலும் கலப்பதில்லை. குறிப்பிட்ட விகிதங்களில் எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு திரவங்களாகப் பிரியும். பிரியும் போக்கு மெக்னீசியத்துக்கு அதிகம், கால்சியத்துக்கு அதைவிடக் குறைவு, ஸ்ட்ரான்சியத்துக்கு இன்னும் குறைவு. பிரிந்த துளிகளுக்குள் அருமண் அயனிகள் விரும்பிப் போய்ச் சேரும்.

செய்முறை எளிது, கூழ்மம் வேண்டியதில்லை. 100 மில்லி எத்தனாலில் 2.03 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டும் 0.38 கிராம் எர்பியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டும் கரைத்தால் முறையே லிட்டருக்கு 0.1 மோலும் 0.01 மோலும் வரும். வழக்கம்போல் ஊறவைத்து, உலர்த்தி, மூடினால் போதும். உலையின் வெப்பமே துளிகளைப் பிரித்துவிடும்.

சிரமம் அளவைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. மெக்னீசியம் கூடக்கூடத் துளிகள் பெருக்கும். லிட்டருக்கு 0.1 மோலில் சில பத்து நானோமீட்டரில் நிற்பவை, பத்து மடங்கு செறிவில் நூறைத் தாண்டும், இழப்பு எகிறும். பெருக்கி வேண்டுமென்றால் செறிவைக் கீழே வையுங்கள். உணரி வேண்டுமென்றால் மேலே போகலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

எந்த வேலைக்கு எந்தப் பொருள்?

எர்பியம் பெருக்கிக்கு அலுமினா. பழகியது, கரைந்துபோனாலும் நன்மையே செய்யும். இட்டர்பியம் லேசருக்கு இட்ரியா அலுமினா, கூடவே ஒளியால் கறுத்துப்போவதைத் தடுக்கச் சீரியமோ பாஸ்பரஸோ. தூலியத்துக்கும் ஹோல்மியத்துக்கும் அதிர்வு குறைந்த சூழல் தேவை. லாந்தனம் ஃப்ளோரைடின் ஃபோனான் ஆற்றல் சென்டிமீட்டருக்கு 350 அலை என்ற அளவில் இருப்பது கவர்ச்சியானதுதான், ஆனால் ஃப்ளோரின் பறந்துபோவதை மேலே சொன்னோம். ஃப்ளோரைடு அப்படியே இருக்க வேண்டும் என்றால் சிலிக்காவை விட்டுவிட்டுக் குறைந்த வெப்பத்தில் இழுக்கும் கண்ணாடிக்குப் போவதே நேர்மையான வழி.

இழுக்கும்போது துகளின் வடிவம் மாறுமா?

மாறும். உலையின் கழுத்துப் பகுதியில் கண்ணாடி நீளும்போது உருகிய நிலையில் இருக்கும் துகளும் கூடவே ஊசிபோல் நீளும். போதுமான நீளம் வந்ததும், மெல்லிய நீர்த்தாரை சொட்டுகளாக உடைவதைப் போல அதுவும் சிறு துளிகளாக உடையலாம். பெரிய துளிகளே அதிகம் நீளும், சிறியவற்றைப் பரப்பு இழுவிசை உருண்டையாகவே பிடித்து வைக்கும். ஆகவே உலை வெப்பம், இழுக்கும் வேகம், இழுவிசை மூன்றும் துகள் அளவுக்கான கைப்பிடிகள்தான். ஒரே ப்ரீஃபார்மை இரண்டு வெப்பநிலையில் இழுத்து இரண்டின் இழப்பையும் அளந்து பாருங்கள். ஒரே நாளில் முடியும் வேலை, கற்றுக்கொடுப்பது ஏராளம்.

ப்ரீஃபார்மில் அடிக்கடி வரும் கோளாறுகள் என்ன?

உள்ளகத்தில் குமிழி வந்தால் கரைப்பானோ, துகளின் மேல் பூசிய கரிமப் பொருளோ முழுதாக எரியாமல் இருந்திருக்கிறது. இறுக்கும் படிக்கு முன் ஆக்சிஜன் ஓட்டத்தில் கூடுதல் நேரம் கொடுங்கள். உள்ளகம் பால் போல வெளுத்தால் துகள் திரண்டிருக்கிறது, அல்லது மூடும்போது அலுமினா மிகுந்த கண்ணாடி படிகமாகியிருக்கிறது. இழுத்தபின் வெண்மை மறைந்தால் அது படிகமாக இருந்திருக்கலாம், இழுக்கும் வெப்பத்தில் உருகி வேகமாக ஆறியதால் தெளிந்திருக்கிறது. நடுவில் ஒளிவிலகல் எண் பள்ளம் விழுந்தால் மூடும்போது ஜெர்மானியமோ பாஸ்பரஸோ ஆவியாகியிருக்கிறது. கடைசி பாஸில் அந்த வாயுவைச் சிறிதளவு விட்டு ஈடுகட்டுவார்கள். தண்டு ஆறும்போது விரிசல் விட்டால் உள்ளகத்தில் அலுமினா அதிகமாகி, வெப்ப விரிவு சிலிக்காவோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

சிதறலே வேண்டும் என்ற பயன்பாடும் உண்டா?

உண்டு, இந்தத் துறையின் அழகான திருப்பங்களில் ஒன்று அது. இழை நெடுகிலும் வெப்பத்தையும் திரிபையும் மில்லிமீட்டர் நுணுக்கத்தில் அளக்கும் கருவிகள், இழையிலிருந்து திரும்பி வரும் ராலே சிதறல் ஒளியைத்தான் படிக்கின்றன. சாதாரண இழையில் அந்த ஒளி மிக மங்கல். மெக்னீசியத் துகள் இழையில் அது ஏறத்தாழ 40 டெசிபெல் கூடும், அதாவது பத்தாயிரம் மடங்கு.

கஜகஸ்தானின் நசர்பாயேவ் பல்கலைக்கழகமும் நீஸ் குழுவும் இதை வைத்து ஒரு நல்ல யுக்தியைக் காட்டின. பல இழைகளை ஒரே பிரிப்பானில் இணைத்தால் வழக்கமாக எல்லாவற்றின் ஒளியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பும். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் வெவ்வேறு நீளச் சாதாரண இழைக்குப் பின் ஒரு துண்டு துகள் இழையை ஒட்டினால், கருவி பார்க்கும் ஒவ்வொரு தூரத்திலும் ஒரே ஒரு துகள் துண்டுதான் பிரகாசிக்கும். மற்ற கிளைகளின் சாதாரண இழை அதன் முன் தெரியாது. மருத்துவ ஊசியில் பல இழைகளைப் பதித்து அதன் வளைவை அளப்பது இதனால் சாத்தியமாகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை, இழையின் நீளம். மீட்டருக்கு 10 டெசிபெல் இழக்கும் இழையில் ஒரு மீட்டர் போய்த் திரும்பினால் 20 டெசிபெல் போய்விடும். ஊசிக்கும் வடிகுழாய்க்கும் ஏற்றது, பாலத்துக்கும் குழாய்ப்பாதைக்கும் அல்ல.

விண்வெளிப் பயன்பாட்டில் இதனால் என்ன லாபம்?

அலுமினியம் மிகுந்த எர்பியம் இழை கதிர்வீச்சில் கறுக்கிறது. அலுமினியத்தைக் குறைத்தால் எர்பியம் திரளுகிறது. இந்த இருதலைக் கொள்ளியிலிருந்து துகள் முறை வழி காட்டியது. அலுமினாவுக்குப் பதிலாகச் சிலிக்காவாலான துகளில் எர்பியத்தை வைத்த இழையைப் பிரெஞ்சுக் குழு ஒன்று 2012இல் வெளியிட்டது. பெருக்கும் திறனையும் கதிர்வீச்சைத் தாங்கும் குணத்தையும் அது ஒன்றாகக் காட்டியது.

தங்கம், வெள்ளி, வைரத் துகள்களைப் போட முடியுமா?

சிலிக்காவில் இழுக்கும் வெப்பம் இவற்றுக்கு எதிரி. வைரம் ஆக்சிஜன் முன்னிலையில் சில நூறு டிகிரிகளிலேயே எரியும். ஆனால் டெல்லூரைட்டு கண்ணாடி 700 டிகிரி அளவிலேயே உருகுவதால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் அதில் நானோ வைரத்தைக் கலந்து இழையாக இழுத்தார்கள். காந்தப்புலம் அளப்பதே அதன் நோக்கம்.

இழை நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படி அளப்பது?

வெட்டி அளக்கும் முறை முதலில். நீண்ட இழையின் வெளிவரும் திறனை அளந்து, உள்ளே விடும் முனையை அசைக்காமல் மறுமுனையில் வெட்டி, குறுகிய நீளத்தில் மறுபடி அளந்து, வேறுபாட்டை நீளத்தால் வகுப்பது. எர்பியம் இழையில் 980 நானோமீட்டரையும் 1,530 பக்கத்தையும் அயனியின் உறிஞ்சல் மூடிவிடும். 1,100 முதல் 1,300 வரை உள்ள இடைவெளியில் அளந்து, அலைநீளத்தின் நான்காம் அடுக்கின் தலைகீழிக்கு (ஒன்றை அந்த அடுக்கால் வகுத்தது) எதிராக வரைபடம் போடுங்கள். நேர்கோடு வந்தால் இழப்பு துகள் சிதறல்தான். 1,200இல் கிடைத்ததை 2.8ஆல் வகுத்தால் 1,550க்கு உரியது வரும். கோடு வளைந்தால் துகள் பெருத்துவிட்டது, அல்லது வேறு மாசு இருக்கிறது.

அயனிகள் இணை சேர்ந்திருக்கின்றனவா என்பதற்குப் பம்ப் ஒளியின் திறனைக் கூட்டிக்கொண்டே உறிஞ்சலைப் பாருங்கள். தனித்த அயனிகள் ஒரு கட்டத்தில் நிறைந்து ஒளியை விட்டுவிடும். எவ்வளவு கூட்டினாலும் மறையாமல் மிஞ்சும் உறிஞ்சல் இணைகளின் பங்கு. ஒளிர்வின் ஆயுள் மட்டும் போதாது. எர்பியத்தின் 10 மில்லிவிநாடி வளைவு அழகாகத் தெரியும்போதே இணைகள் பின்னால் ஒளிந்திருக்கும், ஏனென்றால் அவை வேகமாக அணைந்து வளைவின் தொடக்கத்திலேயே காணாமல் போகின்றன.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிலிக்கன் டெட்ராகுளோரைடு ஈரக்காற்றைத் தொட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும். வெளியேறும் வாயு முழுவதும் காரக் கழுவுபொறி வழியே போக வேண்டும், குளோரின் உணரி தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உலர்ந்த நானோப்பொடியைத் திறந்த மேசையில் எடை போடாதீர்கள். ஈரநிலையிலேயே கையாளுங்கள்.

துகள் இழையைச் சாதாரண இழையோடு ஒட்டும்போது ஏன் இழப்பு ஏறுகிறது?

மின்வில்லின் சூட்டில் இணைப்புக்கு இருபுறமும் சில நூறு மைக்ரோமீட்டருக்குத் துகள் மறுபடி உருகி வளரலாம், அல்லது கரையலாம். உள்ளகத்தின் கலவை வேறானதால் அது சிலிக்காவுக்கு முன்பே இளகவும் செய்யும். வில்லின் மின்னோட்டத்தையும் நேரத்தையும் வழக்கத்தைவிடக் குறைத்துத் தொடங்கி, இழை இறுகப் பிடிக்கும்வரை சிறிது சிறிதாக ஏற்றுங்கள். வில்லை இணைப்புக்கு நேராக வைக்காமல் சாதாரண இழையின் பக்கம் சில பத்து மைக்ரோமீட்டர் தள்ளி வைத்தால் சூட்டின் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். உணரி இழையில் இணைப்பை ஒட்டிய முதல் சில மில்லிமீட்டர் அளவீட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.